தைவான் 37 அடியா, ஃபிரெஞ்சு 41 அடியா: குடியிருக்கப் பாய்ப்படகு வாங்கிய கதை

பசிபிக்கைக் கடந்து வருகிற பாய்ப்படகுகளில் கணிசமானவை மலேசியாவின் லங்காவித் தீவோடு நின்றுவிடும். மேற்கே போனால் இந்தியப் பெருங்கடல். செங்கடல் வழியில் ஒரு காலத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர் பயம்; 2023 இறுதியிலிருந்து ஏமன் பக்கத்து ஏவுகணை பயம். அந்த வழி வேண்டாமென்றால் தென்னாப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும், அது லேசான வேலை இல்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிகள் பலர், வந்தவரை போதும் என்று விற்பனை அட்டையைக் கட்டிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். அங்குள்ள குவா, தெலாகா, ரெபாக் மரினாக்களில், அதாவது பாய்ப்படகுத் துறைகளில், இப்படி நிற்கும் படகுகளுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பாவில் வாங்கினால் இங்கே ஓட்டிக்கொண்டு வர ஆகும் செலவும் வருடங்களும் நமக்கு மிச்சம். பெருங்கடல் தாண்டிய படகு நம் வாசலிலேயே கிடக்கிறது, அதுவும் விற்கிற அவசரத்தோடு.

நானும் மனைவியும் பினாங்குக்காரர்கள். நான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். அவள் தாதியாக இருந்தவள். நண்பர்களின் படகில் ஆளாக ஏறி லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் போய்ப் பழக்கம் உண்டு. சொந்தமாக ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறுவது, வாடைக்காற்றுக் காலத்தில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போவது, முடிந்தால் மடகாஸ்கர் வரை, இதுதான் திட்டம். கையில் இருந்தது 90,000 அமெரிக்க டாலர். படகின் விலை, பழுதுபார்ப்பு, முதல் வருடச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சொந்தக்காரர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதை மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், அந்தக் கடாரமான கெடாவின் லங்காவியில் நாங்கள் பாய்ப்படகு வாங்கப் போகிறோம் என்றதும் “உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்றார்கள்.

நிறையப் பார்த்தோம். கடைசியில் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு.

ஒன்று தயானா 37. அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் பெரி வரைந்து, 1970களின் நடுவிலிருந்து தைவானில் கட்டப்பட்ட படகு. முன்னும் பின்னும் கூர், நீண்ட கீல் (படகின் அடியில் பாரத்தோடு இறங்கும் துடுப்பு போன்ற பகுதி), மூக்கு நீட்டியதுபோல முன்னால் பவ்ஸ்பிரிட் என்ற கம்பம், முன்பக்கம் இரண்டு பாய் ஏற்றும் கட்டர் அமைப்பு. எடை பத்து டன்னுக்கு மேல். நாங்கள் பார்த்தது 1984இல் கட்டியது. நியூசிலாந்துத் தம்பதி வைத்திருந்தார்கள், கேட்ட விலை 48,000 டாலர்.

மற்றது 2000ஆம் ஆண்டின் ஃபிரெஞ்சுப் படகு, 41 அடி. அதன் நிறுவனப் பெயர் வேண்டாம், ஏறக்குறைய அதே வார்ப்பில் ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் கட்டுகின்றன. அகலம் நாலு மீட்டரை ஒட்டி. எடை எட்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. போல்ட் போட்டு மாட்டிய குட்டை கீல். தனியாகத் தொங்கும் சுக்கான். மூன்று அறை, இரண்டு கழிப்பறை. சில வருடம் வாடகைக்கு ஓடிய படகு. கேட்ட விலை 74,000.

படகுக்காரர்களிடம் யோசனை கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். நீண்ட கீல் இல்லாமல் பெருங்கடலுக்குப் போவது தற்கொலை என்பது ஒரு கட்சி. அந்தப் பழைய தேக்குமரப் பாரத்தை எவன் இழுப்பான், வருடா வருடம் நூற்றுக்கணக்கில் ஃபிரெஞ்சுப் படகுகள் அட்லாண்டிக்கைத் தாண்டுகின்றனவே என்பது மற்றது. இரண்டு கட்சியும் சொல்வது உண்மைதான். ஆனால் இருவரும் பேசுவது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைய படகைப் பற்றி. நாம் வாங்கப் போவதோ நாற்பது வருடம், இருபத்தைந்து வருடம் யார் யார் கையிலோ உழன்ற ஒரு குறிப்பிட்ட படகை. மாடலை ஒப்பிட ஒரு சாயங்காலம் போதும். அந்த இரண்டு படகையும் ஒப்பிட எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

மாடல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயலில் 15 பாய்ப்படகோட்டிகள் இறந்த பிறகு, அமெரிக்காவில் கவிழும் அபாயத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் போட்டார்கள். அகலத்தை, எடையின் கனமூலத்தால் வகுப்பது மாதிரியான கணக்கு; விடை 2க்குக் கீழே இருந்தால் பெருங்கடலுக்கு நல்லது. தயானாவுக்கு 1.6 சொச்சம் வரும். ஃபிரெஞ்சுப் படகு கிட்டத்தட்ட 2இலேயே நின்றது. இதை வைத்து முடிவு செய்யலாமா? கூடாது. அந்தச் சூத்திரத்துக்கு அகலமும் எடையும்தான் தெரியும்; அடிப்பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியாது. ஐரோப்பாவின் ‘ஏ’ பிரிவுச் சான்றும் அப்படித்தான். காற்று போஃபோர்ட் அளவுகோலில் 8ஆம் எண்ணுக்கு மேலும் அலை 4 மீட்டருக்கு மேலும் போனாலும் தாங்கும்படி வடிவமைத்தது என்று அதற்குப் பொருள். ஃபிரெஞ்சுப் படகில் அந்தத் தகடு இருந்தது. தயானா கட்டிய காலத்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை. தகடு ஒட்டிய பிறகு எத்தனை பாறையில் மோதியது என்று தகடு சொல்லாது.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு முழுநாள் படகில் குனிந்து நிமிருங்கள். தேவைப்படுவது நைலான் தலை வைத்த சிறு சுத்தியல், நல்ல டார்ச், கைப்பிடி நீண்ட கண்ணாடி, பழைய துணி. சுத்தியலால் மேல்தளத்தை உள்ளங்கை அளவு இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ், நடுவே மரம் என்பதுதான் அந்தக் காலத்துத் தளம். உள்மரம் காய்ந்திருந்தால் ‘டக் டக்’ என்று கேட்கும். தண்ணீர் புகுந்து ஊறிப்போயிருந்தால் ‘பொத் பொத்’ என்று செத்த சத்தம். காது சீக்கிரம் பழகிவிடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், நங்கூரச் சங்கிலி விஞ்சின் சுற்றுப்புறம், கைப்பிடிக் கம்பிகளின் கால்கள், இந்த இடங்களை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான்.

தைவான் படகுகளில் எல்லோரும் பயப்படுவது தேக்குத் தளத்துக்கு. பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு பலகையையும் திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை தேய்ந்ததும் ஒவ்வொரு ஓட்டையும் உள்மரத்துக்குப் போகிற குழாய். போதாக்குறைக்கு நம் வெயிலில் அதன்மேல் வெறுங்காலை வைக்க முடியாது. நாங்கள் பார்த்த தயானாவில் தேக்கு இல்லை. நியூசிலாந்துக்காரர் அதை முழுக்கப் பிரித்தெடுத்து, ஈரமான உள்மரத்தை வெட்டி மாற்றி, மேலே ஃபைபர்கிளாஸ் பூசியிருந்தார். அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம், பிசின் வாங்கிய ரசீது உட்பட ஒரு தடித்த கோப்பு. இந்த மாடலின் பழைய படகுகள் பலவற்றில் டீசல் டேங்க் முன்படுக்கைக்கு அடியில் இருக்கும். அது நிறைந்தால் படகின் மூக்கு தாழும். அதையும் அவர் நடுப்பகுதிக்கு மாற்றியிருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்ததும் படகின் மேல் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பராமரிப்பு வேலை பார்த்தவனுக்கு ரசீது வைத்திருக்கிறவன் மேல் தனி மரியாதை.

ஃபிரெஞ்சுப் படகின் தளம் தட்டிய இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. பிரச்சினை கீழே. இந்த வகைப் படகுகளில் அடித்தளத்துக்கு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக விட்டங்கள் கொண்ட ஒரு வார்ப்பை அப்படியே இறக்கி ஒட்டிவிடுவார்கள். கீலின் பாரத்தைப் படகெங்கும் பகிர்ந்து கொடுப்பது அதுதான். கீலின் முன்னடி பாறையில் இடித்தால் அதன் பின்முனை மேல்நோக்கி நெம்பும். அந்த இடத்தில்தான் விட்டம் உடம்பிலிருந்து பிளந்து விடும். எனவே தரைப்பலகைகளைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே பார்க்க வேண்டும். பார்த்தோம். பில்ஜில், அதாவது தரைப்பலகைக்கு அடியிலுள்ள குழியில், மற்ற இடமெல்லாம் பழைய அழுக்குச் சாம்பல் நிறம். அந்த ஓரிடத்துக்கு மட்டும் பளிச்சென்று புதுப் பெயிண்ட். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்ததும், பெயிண்டுக்கு அடியில் விட்டத்தின் ஓரமாக ஒரு விரிசல் கோடு ஓடுவது தெரிந்தது. விற்பவரிடம் கேட்டேன். வாடகைக்கு விட்டிருந்த காலத்தில் ஒருமுறை மணலில் லேசாகத் தட்டியதாகக் கேள்வி என்றார். கீலின் முன்னடியிலோ முஷ்டியளவு இரும்பு நசுங்கி, புட்டி வைத்து மூடியிருந்தது. மணல் அப்படிச் செய்யாது.

இது வீண்பயம் இல்லை. 2014 மே மாதம் ‘சீகி ராஃபிகி’ என்ற 40 அடிப் பாய்ப்படகு கரீபியனிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில், வட அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. இருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு, முன்பு தரை தட்டியதும் கீலையும் உள்வார்ப்பையும் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்ததும் சேர்ந்து அந்தப் பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. உள்வார்ப்பு ஒட்டுவிட்டிருப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம் என்பதும் அந்த விசாரணையில் வெளிவந்த விஷயம். எங்கள் சர்வேயர் ஆஸ்திரேலியர், அதிகம் பேசாதவர். விரிசலைப் பார்த்துவிட்டு, கீலைக் கழற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். படகு பழுதுபார்க்கும் யார்டில் 12,000 டாலர் வரை ஆகும் என்றார்கள், அதுவும் கழற்றிப் பார்த்த பிறகுதான் உறுதி.

தயானாவில் கீல் போல்ட் தொல்லை இல்லை. அடிப்பாரமான இரும்பு, ஃபைபர்கிளாஸ் உடம்புக்குள்ளேயே மூடியிருக்கிறது. அதற்காக அது அழியாத பொருள் என்று நினைக்க வேண்டாம். அடித்தோல் கிழிந்து கடல்நீர் உள்ளே போனால் இரும்பு துருப்பிடித்து ஊதும். படகைக் கரையேற்றும் டிராவல் லிஃப்டில் தூக்கி நிறுத்தியதும் உடனே பார்க்காமல், கொஞ்ச நேரம் காயவிட்டுப் பாருங்கள். கீலின் அடிவிளிம்பில் பழுப்பு நீர் கசிந்தால் கதை தெரிந்துவிடும். எங்களுக்குக் கசியவில்லை. தண்ணீருக்கு அடியில் கொப்புளங்கள் கொஞ்சம் இருந்தன, நாற்பது வயதுப் படகில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

எஞ்சினுக்கு பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அண்ணனை அழைத்துப் போனேன். மீன்பிடிப் படகு டீசல்களோடு வாழ்கிற மனிதர். ஃபிரெஞ்சுப் படகின் எஞ்சின் மூடியைத் திறந்ததும் நான் சாவியைத் தேடினேன். அவர் தடுத்தார்.

“தம்பி, மொதல்ல கைய வச்சுப் பாரு.”

வைத்தேன். இளஞ்சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பேட்டரி ஏற்ற ஓட்டினோம் என்றார் தரகரின் ஆள். இருக்கலாம். ஆனால் தேய்ந்த டீசல் எஞ்சினும் சூடாக இருந்தால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். அதன் லட்சணம் தெரிவது குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான். இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய் நின்றோம். நீண்ட நேரம் சுற்றிய பிறகுதான் பிடித்தது, வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. தயானாவில் இருந்தது பெர்கின்ஸ் 4-108. உலகம் முழுக்க உதிரி கிடைக்கும், சத்தம் அதிகம், எண்ணெய் கசிவதில் பேர்போனது. அண்ணன் அடியில் இருந்த எண்ணெய்த் தட்டைப் பார்த்துச் சிரித்தார். “இது கசியலைன்னாதான் பயப்படணும், உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்.” குளிர்ந்த எஞ்சின் உடனே பிடித்தது, கறுப்பு, நீலம், வெள்ளை எந்தப் புகையும் நிலைக்கவில்லை.

கடல்நீர் வால்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய உற்பத்திப் படகுகள் பலவற்றில் வெண்கலத்துக்குப் பதில் முலாம் பூசிய பித்தளை வால்வுகள் வந்தன. ஐந்து வருடம் அரிப்பைத் தாங்கினால் போதும் என்றுதான் அப்போதைய தரவிதி கேட்டது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போனால் உலோகம் இளஞ்சிவப்பாக மாறி, பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் மின்னினால் சரி. செம்பு நிறம் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இதுவரை தயானா பக்கம் சாய்ந்தே எழுதிக்கொண்டு வருகிறேன். குடியிருப்பு என்று வந்தால் கதை வேறு. இரண்டு விற்பவர்களிடமும் நங்கூரத்தில் ஓர் இரவு தங்கிப் பார்க்க அனுமதி கேட்டோம், இருவருமே ஒத்துக்கொண்டார்கள். வாங்குகிற எவரும் இதைக் கேட்க வேண்டும். ஃபிரெஞ்சுப் படகில் பெரிய ஹேட்சுகள் (மேல்தளத்தில் திறக்கும் மூடிகள்), வெளிச்சம், கூடத்தில் ஆறு பேர் உட்காரலாம். பின்பக்கம் அகலமான படி, டிங்கி என்ற சிறு துணைப்படகிலிருந்து மளிகைப் பையோடு அப்படியே நடந்து ஏறலாம். சோலார் பலகைக்கும் டிங்கியைத் தூக்கிக் கட்டவும் பின்னால் ஒரு வளைவு. காலையில் அந்தப் படியிலேயே நன்னீர் ஷவரில் குளித்துவிட்டு மனைவி, “என்னங்க, இது வீடுங்க” என்றாள்.

தயானாவுக்குள் இறங்கினால் சுற்றிலும் கருந்தேக்கு. பகலிலும் விளக்குப் போடலாமா என்று தோன்றும். பக்கவாட்டில் திறக்கும் ஜன்னல்கள் நிறைய உண்டு, ஆனால் மழை வந்தால் ஓடி ஓடி மூட வேண்டும். மூடினால் வேர்த்துக் கொட்டும். கூர்மையான பின்பகுதியில் படி வைக்க இடமே இல்லை. டிங்கியிலிருந்து பக்கவாட்டு ஏணியில்தான் ஏற வேண்டும், அவளுக்கு முழங்கால் வலி வேறு. பின்னாளில் மின்விசிறிகளை எண்ணாமல் மாட்டினோம், மேலே முழுநீளக் கூரைத்துணி தைத்துப் போட்டோம், சூடு ஓரளவு அடங்கியது. படகில் வாழ்கிறவர்கள் வருடத்தில் பெரும்பாலான நாள் நங்கூரத்திலோ மரினாவிலோதான் இருப்பார்கள். அந்தக் கணக்கில் ஃபிரெஞ்சுப் படகு கேள்வியில்லாமல் ஜெயித்தது.

பிறகு கடல் சோதனை. விற்பவர்கள் விரும்புவது அமைதியான காலை நேரம், தீவுகளின் மறைவு. நீங்கள் அலை இருக்கிற நாளைக் கேட்டு வாங்க வேண்டும். லங்காவிக்கும் தாய்லாந்தின் தாருத்தாவோ தீவுக்கும் நடுவே நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் நாளாகப் பார்த்துப் போனோம். நான் பாயையும் சுக்கானையும் பார்த்துக்கொண்டேன். அவள் தன் சோதனையைத் தானே வகுத்துக்கொண்டாள்: ஓடும்போது தேநீர் போட வேண்டும், ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு முன்னறை வரை நடந்து திரும்ப வேண்டும், படுத்துக் கண்ணை மூட வேண்டும்.

ஃபிரெஞ்சுப் படகு துள்ளிக்கொண்டு ஓடியது. பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) காற்றிலேயே ஆறு நாட் வேகம். திருப்பினால் உடனே திரும்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே அவள் நிலைமை வேறு. கைப்பிடிக் கம்பி கூரையில் இருந்தது. அவளுக்கு உயரம் ஐந்தடிதான், எட்டவில்லை. அந்த விசாலமான கூடத்தில் படகு சாய்ந்ததும் பிடிக்க ஒன்றுமில்லாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சறுக்கிப்போய் மேசையில் இடித்துக்கொண்டாள். அடுப்புக்கு முன்னால் சாய்ந்து நிற்க ஆதாரம் இல்லை. பின்னறைக் கட்டில் அகலம். புரண்டுகொண்டே இருக்கலாம், தூங்க முடியாது.

தயானா அதே அலையில் தண்ணீரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது. எட்டு நாட் வேகத்துக்குக் குறைந்த காற்றில் நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். சுக்கான் கனத்தது. ஆனால் உள்ளே எங்கே கையை நீட்டினாலும் ஏதாவது பிடி கிடைத்தது. எல்லாம் நெருக்கமாக இருப்பதன் பலன். சமையலிடம் ‘ப’ வடிவில் ஒடுங்கி இருந்தது, இடுப்பில் பட்டி போட்டுக்கொண்டு இரண்டு கையும் விட்டு வேலை செய்யலாம். தேநீர் மேலே வந்தது. கூடத்துச் சோபாவில் தடுப்புத்துணியைக் கட்டிவிட்டுப் படுத்தவள், நான் கூப்பிட்டபோது எழவில்லை, உண்மையாகவே தூங்கிவிட்டாள். எழுந்து வந்து சொன்னது: “வீட்டுக்கு அது. கடலுக்கு இது. இருக்கறது ரெண்டே பேரு. நான் தூங்கினாத்தான் நீங்க தூங்க முடியும்.”

இருவர் மட்டும் ஓட்டும் படகில் ஒருவர் எப்போதும் தூங்க வேண்டும். தூங்காதவர் இரவு இரண்டு மணிக்குக் கப்பலின் விளக்கைத் தவறாகப் படிப்பார். அவள் சொன்ன பிறகு எந்தச் சூத்திரத்தையும் நான் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு மட்டும் முக்கியமாகப் பட்டது: கை போகுமா? தயானாவில் ஒவ்வொரு குழாயின் இரு முனையையும் தொட முடிந்தது. ஒயர்கள் முந்தைய சொந்தக்காரர்களின் கைவண்ணத்தில் சிக்கலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தன. ஃபிரெஞ்சுப் படகில் உள்வார்ப்பும் மேல்மூடியும் ஒயரையும் குழாயையும் விழுங்கியிருந்தன. தண்ணீர் டேங்கை வெளியே எடுக்க வேண்டுமானால் கட்டிலின் அடிப்பகுதியை அறுக்க வேண்டும். மரினாவில் ஆள் வைத்துச் செய்யலாம். இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சாகோஸ் தீவுகள் பக்கம் யாரைக் கூப்பிடுவது?

பணக் கணக்கைச் சொல்லாவிட்டால் இதெல்லாம் பாதிதான் பயன்படும். சர்வே அறிக்கையைக் காட்டிப் பேசியதில் ஃபிரெஞ்சுப் படகு 60,000க்கு இறங்கியது. அதோடு கீல் வேலை 12,000, பாய்மரக் கம்பிகள் 8,500, வால்வுகள் 1,800. உயிர்காப்புத் தெப்பம், ஆபத்துச் சமிக்ஞைக் கருவி, சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் எல்லாம் சேர்ந்து 4,000. மின்சாரத்துக்கு இன்னொரு 4,500. மொத்தம் 90,000ஐத் தாண்டியது. சாப்பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, எஞ்சின் வேலை இதில் சேரவே இல்லை. தயானாவை 43,000க்கு முடித்தோம். கம்பிகள் 7,500, புது முன்பாய் 3,200, வால்வுகள் 1,200. பாதுகாப்புக் கருவிகளும் மின்சாரமும் அதே அளவு. யார்டு வாடகையும் அடிப்பெயிண்டும் சேர்ந்து 67,000ஐத் தொட்டது. தோராயமாக விலையில் இத்தனை சதவீதம் என்று போடும் கணக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் யார்டில் எழுதி வாங்குங்கள். பாய்மரக் கம்பிகளுக்குப் பத்துப் பதினைந்து வயதாகிவிட்டால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, காற்றுப்படாத இடுக்கில் ஈரமாகக் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

பத்திர விஷயம் சுருக்கமாக: விற்பனைப் பத்திரம், முந்தைய கொடிநாட்டின் பதிவிலிருந்து நீக்கிய சான்று, கடன் பாக்கி இல்லை என்பதற்கு ஆதாரம். மூன்றும் கைக்கு வராமல் முழுப்பணம் போகக்கூடாது. பழைய படகுக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். வயதைக் கேட்டதும் பல நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும்.

வாடை நிலைத்ததும் லங்காவியிலிருந்து சுமத்ராவின் வடமுனைக்கு அருகிலுள்ள சபாங், அங்கிருந்து திருகோணமலை. இரண்டாவது கட்டம் சுமார் 850 கடல் மைல். மலாக்கா நீரிணையின் வாயைக் குறுக்கே கடக்கும்போது இரவும் பகலும் கப்பல் வரிசை; ஏஐஎஸ் இல்லாமல் அங்கே போகவே கூடாது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் காற்று செத்துப்போய், ஃபிரெஞ்சுப் படகு பாயிலேயே போயிருக்கக்கூடிய இடத்தில் நாங்கள் டீசலைக் குடித்துக்கொண்டு போனோம். அதை மறைக்க விரும்பவில்லை. நாளொன்றுக்கு 120 மைல் ஓடினால் எங்களுக்குத் திருப்தி. அந்தப் படகு குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

வங்கக்கடல் திறந்த பிறகு காற்று வலது பின்பக்கமாக வந்தது. ஓர் இரவு மழைமேகம் ஒன்று முப்பது நாட் வேகத்துக்கு மேல் ஊதியது. பெரிய முன்பாயைச் சுருட்டிவிட்டு, உட்பக்கச் சின்னப் பாயையும் பாதியாகக் குறைத்த மெயின் பாயையும் மட்டும் விட்டோம். இதற்கு நான் சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட்டை விட்டு எழ வேண்டியிருக்கவில்லை. கட்டர் அமைப்பின் அருமை அப்போதுதான் புரிந்தது. காற்றால் இயங்கும் திசைமாற்றி, மின்சாரம் ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் படகைத் தன் வழியில் கொண்டுபோனது. கீழே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவள் சுக்கானைப் பார்த்துக்கொள்ள, நான் அதே சோபாவில் அடித்துப்போட்டாற்போலக் கிடந்தேன்.

கரைக்குக் கிட்டே ஒரு மீன்பிடிப் படகு ஒட்டி வந்தது. கொடியைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள், நாங்கள் தமிழில் பதில் சொன்னதும் ஆச்சரியப்பட்டு, “அண்ணை, மீன் வேணுமோ?” என்று இரண்டு சூரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காசு வேண்டாம், சிகரெட் இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. பிஸ்கட் பெட்டியும் குளிர்பானமும் கொடுத்தோம். அந்த வழியில் போகிறவர்கள், புகைக்காவிட்டாலும் சில பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் கட்டுவதற்குப் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. நீண்ட கீல் படகை ரிவர்ஸில் ஓட்டுவது என்பது வேண்டுதல். அது தனக்குப் பிடித்த பக்கம்தான் போகும். இடிதாங்கும் ஃபெண்டர்களை எல்லாப் பக்கமும் தொங்கவிட்டு, கயிற்றைக் கரைக்கு வீசி இழுத்துக்கொள்வதே மேல். பக்கவாட்டு ஏணியை மடக்கிவைக்கும் அகலப் படிகளாக மாற்ற அங்கேயே ஒரு வெல்டரிடம் பேசியிருக்கிறோம். அவளுடைய முழங்காலுக்கு அது முடிந்தாக வேண்டும். மாலத்தீவு அதற்குப் பிறகுதான்.

அந்த ஃபிரெஞ்சுப் படகை புக்கெட்டில் இருக்கும் ஒரு குடும்பம் வாங்கிவிட்டது. கீலை இறக்கி, உள்விட்டங்களை மறுபடி ஒட்டி, எஞ்சினை மாற்றி, லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் நடுவே பிள்ளைகளோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி ஓட்டம் கிடையாது, மாலையில் ஏதாவது ஒரு தீவின் மறைவில் நங்கூரம். எங்கள் திட்டமும் அவ்வளவுதான் என்றிருந்தால், கீல் வேலைக்கும் எஞ்சினுக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொண்டு அதையே வாங்கியிருப்போம்.